பெட்டி பூசையில் இருந்தது

ஸ்டெப்னி இல்லாத வண்டியை ஒரு வண்டி என்றே கொளஞ்சி மதித்ததில்லை. பதினெட்டு வருடம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவன் அவன். முழங்கால் போன பிறகு முதலாளி ராசாங்கம் அவனைச் சுரங்கத்திலிருந்து வீட்டு வேலைக்கு மாற்றிவிட்டார். வீட்டு வேலை என்றால், முதலாளியின் மகன் விக்கி பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துக்கொள்வது. ஓட்டுவது விக்கி. கழுவுவது, துடைப்பது, உறை போர்த்துவது, ஒயரை எலி கடிக்காமல் காப்பது எல்லாம் கொளஞ்சி.

அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். என்ஜின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தரைக்கும் வண்டிக்கும் நாலு விரல் இடைவெளி. அரியலூர் கடைவீதிப் பக்கம் போவதென்றால் கொளஞ்சி பைக்கில் முன்னால் போக வேண்டும். வேகத்தடை வந்தால் பைக்கில் கட்டியிருக்கும் இரண்டு பலகைகளை அவிழ்த்துச் சாய்வாகப் போடுவான். கார் அதன்மேல் ஏறி இறங்கும். டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசோடு எழுந்து வந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் விக்கி கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான்.

முன்பக்க மூடியைத் திறந்தால் ஒரு குழி. அரை மூட்டை அரிசி வைக்கலாம். கம்பெனிக்காரன் அதில் ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பெட்டியை மட்டும் வைத்திருந்தான். பஞ்சரை அடைக்கிற பசை ஒரு டப்பா, அதை டயருக்குள் ஏற்றிக் காற்றடிக்கக் கையகலக் கம்ப்ரசர், வண்டியை இழுக்க முன்னால் திருகி மாட்டுகிற கொக்கி, சக்கர நட்டுக்கென்று தனியாக ஒரு சாவி. அவ்வளவுதான். மிச்ச இடத்தில் என்ன வைப்பது என்பதை ஒரு வருடமாகக் கொளஞ்சி யோசித்து வந்தான். தன் பழைய டிப்பரில் இருந்த சிவப்பு முக்கோணத்தைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு டார்ச், கையுறை, சின்னத் தீயணைப்பான், துணிக்கட்டும் மருந்தும் ஒரு டப்பாவில், இரண்டு பாட்டில் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே, கீழே படுத்து வேலை செய்ய ஒரு சாக்கு. யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் அதிகம் கொல்லும் என்பதை அவன் ஜெயங்கொண்டம் ரோட்டில் கண்ணால் பார்த்திருக்கிறான். நின்றிருந்த டிப்பருக்குப் பின்னால் புருசனும் பெண்டாட்டியுமாக ஒரு பைக் வந்து சொருகியது. டிப்பர் அவனுடையது இல்லை. ஆனால் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

ஆயுத பூசை அன்று காலை, வீட்டை ஒட்டிய வண்டி செட்டில் பன்னிரண்டு டிப்பர்களையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். முதலாளியம்மா அம்சவள்ளிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் இருக்கிற சாமான் பூராவும் வெளியே வர வேண்டும். ஜாக்கி, லீவர், ஸ்பேனர், கயிறு, ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்க வேண்டும். மறுநாள் காலை மறுபூசை முடிகிறவரை ஒருவரும் கை வைக்கக் கூடாது. சாமானுக்கு அது ஒரு நாள் லீவு.

கொளஞ்சி காரின் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து மூடி அடுக்கினான். பக்கத்தில் தன் முக்கோணம், தீயணைப்பான், டார்ச், சாக்கு. விக்கியின் சேக்காளிகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். விக்கி அந்த வரிசையைப் பார்த்தான்.

“ஏன் கொளஞ்சி, எறையூர் மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போற வண்டியா இது? சாக்கு, டார்ச்சு... ஒரு அடுப்பையும் வச்சிட்டீன்னா சமைச்சுத் தின்னுக்கிட்டே போலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த விக்கியின் தங்கை தமிழ்மொழியும் சிரித்தாள். விக்கி சாக்கை இரண்டு விரலால் தூக்கி, செருப்பு கிடந்த இடத்தில் போட்டான். கொளஞ்சியும் கூடச் சேர்ந்து சிரித்தான். சம்பளம் வாங்குகிற இடத்தில் வேறென்ன செய்வது? ஆனால் அப்படிச் சிரித்ததை நினைத்து மதியச் சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டான்.

மூன்றரை மணிக்கு விக்கி சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். ரஞ்சன்குடிக் கோட்டைக்கு முன்னால் காரை நிறுத்தி வீடியோ எடுக்க வேண்டும், வெயில் சாய்ந்தால்தான் மஞ்சள் நன்றாக விழும் என்றான். வீடு பெரம்பலூர் ரோட்டின் மேலேயே இருந்ததால் பலகை தேவையில்லை, நீ வர வேண்டாம் என்று கொளஞ்சியிடம் சொன்னான்.

பெட்டி காரில் இல்லை. வரிசையில் பார்த்திருந்தும் அது என்ன பெட்டி என்று விக்கிக்குத் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து அவன் முன்பக்க மூடியைத் திறந்ததே இல்லை. கொளஞ்சிக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் கார் உறையை மடித்துக்கொண்டிருந்தான். நாலாக மடித்ததை எட்டாக மடித்தான். நடுரோட்டில் நிற்கட்டும், அப்போது தெரியும் சாக்கு எதற்கென்று. அவன் நினைத்தது அதுதான். மழுப்ப ஒன்றுமில்லை.

கார் உறுமியபோது தமிழ்மொழி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். வீடியோ எடுக்க ஆள் வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்து ஏறினாள். வீட்டு டிரைவர் வராத நாட்களில், எல்.கே.ஜி.யிலிருந்து காலேஜ் வரை எத்தனையோ தடவை அவளைக் கொண்டுபோய் விட்டவன் கொளஞ்சி. இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்கள். வாசலில் முதலாளியம்மா வேறு நின்றாள். சாமானை எடுக்க விடமாட்டாள். போகிற தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், அதற்குள் என்ன ஆகிவிடும்? இப்படி மூன்று காரணங்களை அவன் மனம் வரிசையாக எடுத்து வைத்தது. மூன்றும் நல்ல காரணங்கள். அவன் உறையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தான்.

நாலரைக்கு போன் வந்தது. தமிழ்மொழிதான். ரஞ்சன்குடிக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், நாலுவழிச் சாலையில் பின் டயரில் காற்று சுத்தமாகப் போய்விட்டது. பெரம்பலூர் தாண்டியதுமே ஏதோ சிவப்பு விளக்கு எரிந்ததாம், விக்கி சென்சார் கோளாறு என்று விட்டுவிட்டான். வண்டி இப்போது வேகமாகப் போகிற வலது தடத்திலேயே, நடுத்தடுப்பை ஒட்டி நிற்கிறது. உருட்டினால் ரிம் போய்விடும் என்று விக்கி அசைக்க மாட்டேன் என்கிறான். அவசர எண்ணுக்குச் சொன்னார்கள். ரோந்து வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, வரும் என்றார்கள்.

“அண்ணே, முன்னாடி ஏதோ பெட்டி இருக்கணுமாமே. ஒண்ணையும் காணும்.”

“பூசையில இருக்கு பாப்பா.”

“ஐயோ, இந்த அம்மா இருக்கே...”

அவன் அதை மறுக்கவில்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்று கேட்டான். காருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். வெளியே வெயில், அதோடு ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்திவிட்டு வண்டியோடு செல்ஃபி எடுக்கிறார்கள், அண்ணன் இறங்காதே என்கிறது.

“இறங்கு. இப்பவே இறங்கி நடுவுல அரளிச்செடி இருக்குல்ல, அதுக்குள்ளார போயி நில்லு. அண்ணன் சொல்றதக் கேக்காத.”

அவள் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்தது. திரும்ப அடித்தான். எடுக்கவில்லை.

பைக்கில் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். பெரம்பலூர் நாலு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பூவரசனுக்கு அடித்தான். முன்பு கொளஞ்சியின் டிப்பரில் கிளீனராக இருந்தவன். பூவரசன் விஷயத்தைக் கேட்டதும் இழுத்தான்.

“அண்ணே, சாமான் பூரா சாமி முன்னாடி கெடக்கு. பொட்டு வச்சாச்சு. நாளைக்கு வரைக்கும் தொடமாட்டேன். இன்னைக்கு இந்த ஊர்ல ஒருத்தனும் ஸ்பேனரத் தூக்கமாட்டான்.”

“உன் சாமான் வேணாண்டா. கடை வாசல்ல வாழக்கன்னு கட்டியிருக்கியா?”

“ஆமா.”

“அத அவுத்து எடுத்துக்கிட்டு ஓடு. வண்டிக்குப் பின்னாடி தள்ளி நட்ட நடு ரோட்ல போடு. எவ்ளோ தள்ளின்னா, லாரிக்காரன் பாத்து, யோசிச்சு, ஒடிக்கிற அளவுக்கு. அந்தப் புள்ளயக் காருக்குள்ள இருந்து வெளிய இழு.”

லைன் அறுவதற்கு முன்னால் பூவரசன் வாழைக்கன்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

சாமி முன்னால் அம்சவள்ளி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொளஞ்சி உள்ளே வந்ததைப் பார்த்ததும், நாளைக்குக் காலையில்தான் எடுக்க வேண்டும் என்றாள். அவன், பாப்பா நடுரோட்டில் நிற்கிறது என்று மட்டும் சொன்னான். அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து, தானே அந்தப் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். முக்கோணத்தையும் எடுத்துக் கொடுத்தாள். சாமி ஏதாவது கேட்டால் தன்னைக் கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. செருப்புக்கிடையில் கிடந்த சாக்கை அவனே எடுத்துக்கொண்டான்.

பேரளி தாண்டும்வரை ரோடு காலியாக இருந்தது. சிமெண்ட் லாரிகளுக்கெல்லாம் அன்று ஓய்வு. பெரம்பலூரில் நாலுவழிச் சாலை ஏறியதும் அப்படி இல்லை. சென்னைக்குப் போகிற வண்டிகளுக்குப் பூசையும் கிடையாது, லீவும் கிடையாது. கன்டெய்னர்கள் ஒன்றை ஒன்று முந்த வலது தடத்துக்கு வந்து வந்து போயின.

கொளஞ்சி, லாரி டிரைவர் சீட்டில் தானே உட்கார்ந்திருப்பது போல யோசித்துப் பார்த்தான். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து வருகிறவனுக்கு அந்தக் கார் என்னவாகத் தெரியும்? முன்னால் ஒரு சாதாரணக் கார் போனாலே போதும், மறைந்துவிடும். அது விலகிய பிறகு ஒரு மஞ்சள் தகரம் ரோட்டோடு ரோடாகத் தெரியும். அது ஓடுகிறதா நிற்கிறதா என்று புரிய ஒரு நொடி. சாயங்கால வெயில் இடது பக்கம் கண்ணில் அடிக்கும், அதற்கு இன்னொரு நொடி. பாரம் ஏற்றிய லாரிக்கு அந்த இரண்டு நொடி இருந்தால்தான் உண்டு. இதெல்லாம் மூன்றரை மணிக்கும் அவனுக்குத் தெரியும். தெரிந்த ஆள் என்று அந்த வீட்டில் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

ரஞ்சன்குடிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு கன்டெய்னர் அவனைத் தாண்டி வலது தடத்தில் ஏறியது. அதன் முதுகைத் தவிர முன்னால் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் அதன் பிரேக் விளக்குகள் எரிந்தன. டயர் கத்தியது. லாரியின் பின்பக்கம் இடதுபுறம் வெட்டி ஆடியது. அதன் சக்கரத்துக்கடியிலிருந்து பச்சையாக, கிழிந்து, ஏதோ பறந்து வந்து கொளஞ்சியின் பைக்கில் மோதி விழுந்தது.

வாழை இலை.

அவன் பைக்கை நிறுத்தவில்லை, அது தானாகவே நின்றது போலிருந்தது. லாரி இடது தடத்துக்குப் போய், குலுங்கி, நிமிர்ந்து, ஹாரன் அடித்தபடி போய்விட்டது. அது விலகிய இடத்தில் மஞ்சள் கார் அப்படியே இருந்தது. பின்னால் ரோட்டில் ஒரு வாழைக்கன்று கூழாகிக் கிடந்தது. இன்னொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு பூவரசன் வாய் ஓயாமல் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான். அரளிச்செடிகளுக்கு நடுவில் தமிழ்மொழி நின்றாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

கொளஞ்சி முக்கோணத்தைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தான். பெட்டியைத் திறக்கவில்லை. நேராக விக்கியிடம் போய், வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ள வேண்டும் என்றான். விக்கியின் முகம் வெளிறியிருந்தது. அப்போதும் ரிம் என்று ஆரம்பித்தான்.

“ரிம் போனாப் போவுது தம்பி. ஸ்டியரிங்கப் புடிங்க.”

அவனிடம் அந்தக் குரலில் கொளஞ்சி பேசியது அதுதான் முதல் தடவை. விக்கி ஸ்டியரிங்கைப் பிடித்தான். செல்ஃபி எடுத்த நாலு பேரையும் பூவரசன் அதட்டிக் கூப்பிட்டான், படம் புடிச்சீங்கல்ல, வந்து தள்ளுங்கடா என்று. தோளிலிருந்த வாழைக்கன்றைக் கொடி மாதிரி ஆட்டி வண்டிகளை நிறுத்தினான். காரை ஓரத்து மண் வரைக்கும் உருட்டிக் கொண்டுபோனார்கள். ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் பெட்டி. சாக்கை விரித்து மண்டிபோட்டான். டயரில் மூன்றங்குல ஆணி ஏறியிருந்தது. அதைப் பிடுங்காமல் பசையை ஏற்றினான். கம்ப்ரசரின் பிளக்கைக் காருக்குள் சொருகினால் ஓடவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தான். காலையில் அவன் வைத்த சந்தனம் அதன் நுனியில் காய்ந்து அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டித் துடைத்தான். இரண்டாவது தடவை அது உறும ஆரம்பித்தது. டயர் மெல்ல எழுந்தது.

பூவரசன் மிச்சமிருந்த வாழைக்கன்றோடு கிளம்பிப் போனான். இருப்பதை மறுபடி கடை வாசலில் கட்ட வேண்டுமாம். விக்கி தண்ணீர் குடித்துவிட்டு, எல்லாம் அம்மாவின் பூசையால் வந்தது என்றான். பெட்டியை எடுத்து வைக்காமல் வண்டியை எப்படி விட்டார்கள், யாருக்கும் ஞாபகமே வரவில்லையே என்றான். தமிழ்மொழி ஆமாம் என்றாள்.

கொளஞ்சி கம்ப்ரசரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான். சும்மா இருந்தால் முடிந்தது. பழி சாமி மேல் போய்விட்டது, அங்கே அதைக் கேட்க ஆளில்லை. வீட்டுக்குப் போனால் அவனுக்கு நல்ல பேர்கூடக் கிடைக்கும்.

“எனக்கு ஞாபகம் இருந்துச்சு” என்றான். “நீங்க கிளம்பறப்ப பெட்டி உள்ள இல்லன்னு தெரியும். பாப்பா ஏறுனப்பவும் தெரியும். சொல்லல.”

விக்கிக்கு முதலில் புரியவில்லை. பிறகு, ஏன் என்று கேட்டான்.

“காலைல சிரிச்சீங்க.”

ஒரு லாரி போயிற்று. அதன் காற்று மூன்று பேரையும் தள்ளியது.

“நானும்தானே அண்ணே சிரிச்சேன்” என்றாள் தமிழ்மொழி. கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலச் சொன்னாள். கொளஞ்சி கம்ப்ரசரைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். விக்கி மேல் மட்டும்தான் கோபம், உன்மேல் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அவள் ஏறிய பிறகும் உறையை மடித்துக்கொண்டிருந்த கை அவனுடையதுதான்.

விக்கி அடிப்பான் என்று நினைத்தான். அடிக்கவில்லை. பைக் சாவிக்குக் கை நீட்டினான். “வண்டிய நீயே ஓட்டிக்கிட்டு வந்து வூட்ல வுடு. சாவிய அம்மாகிட்ட குடு” என்றான். அண்ணனும் தங்கையும் பைக்கில் போனார்கள். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

அந்தக் காரை அவ்வளவு தூரம் கொளஞ்சி ஓட்டியது அன்றைக்குத்தான். பசை போட்ட டயர் என்பதால் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. இடது தடத்திலேயே போனான். சீட் பாயில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு டிப்பர் வந்தது. அதன் சக்கர நட்டுகள் அவன் கண்ணுக்கு நேராகச் சுற்றின. டிரைவரைப் பார்க்கக் கழுத்தை எவ்வளவோ வளைத்தும் தெரியவில்லை. கதவின் அடிப்பாகமும் அதில் ஒட்டியிருந்த குங்குமமும்தான் தெரிந்தன. டிப்பர் கடந்து போகும்வரை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேலே உட்கார்ந்திருந்த பதினெட்டு வருடமும் கீழே இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தது வேறு, இது வேறு.

சாவியை அம்சவள்ளியிடம் கொடுத்தான். அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். பெட்டியைச் சாமி முன்னால் பழைய இடத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தான்.

மறுநாள் மறுபூசை முடிந்த பிறகு தன் சாமான்களை எடுக்கப் போனான். செட்டில் கார் முன்பக்கம் திறந்து கிடந்தது. விக்கி குனிந்து பெட்டியை நீளவாக்கில் வைத்துப் பார்த்தான், அகலவாக்கில் வைத்துப் பார்த்தான். கொளஞ்சி வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

“முக்கோணம் எங்க வப்ப?” என்றான்.

“இதுல வக்காதீங்க. சீட்டுக்குப் பின்னாடி, கை எட்டுற எடத்துல. இறங்குனதும் மொதல்ல அதான்.”

விக்கி அதை எடுத்து சீட்டுக்குப் பின்னால் சொருகினான். இருந்துகொள் என்று அவனும் சொல்லவில்லை, இருக்கட்டுமா என்று இவனும் கேட்கவில்லை. கொளஞ்சி முக்கோணத்தை விட்டுவிட்டு சாக்கையும் பலகைகளையும் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

இப்போது வேறொருவரிடம் டிப்பர் ஓட்டுகிறான். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. வலது தடத்துக்கு மாறும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, சீட்டை விட்டு எழுந்து, கண்ணாடிக்கு முன்னால் குனிந்து ரோட்டைக் கீழே பார்க்கிறான். கிளீனர் ஏன் என்று கேட்டால், ஒண்ணுமில்ல, பாக்குறேன் என்கிறான்.